பத்தியமும் பந்தியும்

(வானொலியில் வழங்கிய மறையுரை, பங்கு மக்களின் வாசிப்புக்காக)



ராஜபாளையத்தில் ஒரு தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய அக்கா. இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தங்கை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவார், மதியம் அங்கேதான் சாப்பாடு. பல ஆண்டு வழக்கம் அது. திடீரென்று அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஏழு மாதமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. சொத்துத் தகராறு எதுவும் கிடையாது, வாய்ச்சண்டையும் கிடையாது.

வீடு மந்திரிக்கச் சென்றபோது அக்கா நம்மிடம் கண் கலங்கினார். "சாமி, அவ என் வீட்டுல கை நனைக்க மாட்டேங்கிறா. நான் என்ன விஷமா வைக்கிறேன்?" என்றார். சில நாள் கழித்துத் தங்கையிடம் விசாரித்தோம். அவர் சொன்னது இது: "எனக்கு எட்டு வருசமா சுகர் சாமி. போனா சாப்பிடாம வர முடியாது. வேண்டாம்னு சொன்னா அக்கா முகம் வாடிரும். சாப்பிட்டுட்டு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு உடம்பு என் பேச்சைக் கேக்காது. அதான் போறதையே விட்டுட்டேன்."

இருவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி இதைச் சொல்கிறோம். உங்களில் பலர் இந்த அக்காவாகவோ இந்தத் தங்கையாகவோ இருக்கக்கூடும் என்பதால்தான் சொல்கிறோம். ஒருவரை ஒருவர் உயிராக நினைக்கிற இரண்டு பேரை ஒரு கரண்டிப் பால்கோவா பிரித்துவிட முடியுமா? முடிந்திருக்கிறது.

பத்தியம் நமக்குப் புதிதல்ல

உடல்நலத்துக்காக உணவைக் கட்டுப்படுத்துவது மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார் அதற்குப் பத்தியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். திருவள்ளுவர் மருந்து என்றே ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்.

பிள்ளை பெற்ற வீட்டை நினைத்துப் பாருங்கள். தாய்க்குப் பூண்டுக் குழம்பு தனி, பத்தியக் கறி தனி. வீட்டில் விருந்தே நடந்தாலும் அவளிடம் போய், "இன்னைக்கு ஒரு நாள்தானே, ஒரு வாய் சாப்பிடு" என்று யாரும் சொல்வதில்லை. யாராவது சொன்னால் மாமியார் அதட்டுவார். மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து சாப்பிடுகிறவரிடம் எண்ணெய்ப் பலகாரத்தை யாரும் நீட்டுவதில்லை. பத்தியம் இருக்கிறவரைக் காப்பது வீட்டாருடைய கடமை என்று நமக்குத் தெரிந்திருந்தது.

பிறகு எங்கே தவறினோம்? அந்தப் பத்தியத்துக்கு ஒரு முடிவு இருந்தது. நாற்பது நாள், அல்லது ஒரு மண்டலம், அதற்குமேல் இல்லை. இன்றைக்கு நம் மக்களுக்கு வருகிற சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை கேட்கும் பத்தியம் பெரும்பாலும் ஆயுள் முழுவதற்குமானது. நாற்பது நாள் பொறுத்துக்கொள்கிற சுற்றத்தார் நாற்பது மாதமானால் அலுத்துப்போகிறார்கள். "இன்னுமா?" என்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் அலுக்க வழியில்லை.

இந்தச் சுமையைத் தூக்குகிறவர்கள் ஓரிருவர் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று அது கணக்கிட்டது. நோயின் வாசலில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மாத்திரை வீடு தேடி வந்தால் மட்டும் போதாது. அந்த வீட்டின் அடுப்பும் பந்தியும் மாத்திரையோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரு வாய் என்ன செய்யும்?

"ஒரு வாய்தானே" என்கிறோம். அந்த ஒரு வாய் உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நாம் உண்ணும் சோறு, இட்லி, பரோட்டா, இனிப்பு எல்லாம் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கின்றன. அதை உடலின் செல்களுக்குள் அனுப்புவதற்கு இன்சுலின் வேண்டும். சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றை மெல்ல மெல்லப் பழுதாக்குகிறது. வலி இல்லாததால் தெரிவதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து, முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடுகிறது. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனை சர்க்கரைப் புண்களைச் சுற்றுகிறதோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

‘மூன்று மாத சுகர்’ என்று நாம் சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் அதில் ஒட்டிய சர்க்கரையின் அளவை அந்தப் பரிசோதனை காட்டுகிறது. திங்களன்று அன்பியக் கூட்டத்தில் வடையும் காபியும், புதனன்று பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக், வெள்ளியன்று நிச்சயதார்த்தம், ஞாயிறன்று புதுநன்மை விருந்து. ஒவ்வொரு வீட்டாரும் "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்கிறார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஒரு நாள்தான். சாப்பிடுகிறவர் கணக்கில்தான் அது ஒரு வாரம், பிறகு ஒரு வருடம்.

இன்னும் சில தவறான எண்ணங்களும் நம்மிடையே உண்டு. "வெள்ளைச் சர்க்கரை போடலை, கருப்பட்டிதான் போட்டிருக்கேன்" என்று கொடுக்கிறோம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றுமே இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவைதான். "இனிப்பே தரலை" என்று சொல்லிக்கொண்டு மூன்று முறை சோறு வைக்கிறோம். சோறும் சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு, "காபி வேண்டாமா, சரி, இளநீர் உடம்புக்கு நல்லது" என்று வெட்டிக் கொடுக்கிறோம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நலமுள்ளவருக்கு அமுதமாக இருப்பது இன்னொருவருக்கு ஆபத்தாக முடிகிறது.

கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் ஒன்றும் உண்டு. நம் பகுதியில் அது அரிது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவர்களுடைய குடலைப் புண்ணாக்கும். பரோட்டாவையும் சேமியாவையும் தவிர்த்தால் போதும் என்று நினைப்போம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வேளைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படியானால் நாம் அன்போடு ஊற்றுகிற சாம்பாரே அவருக்கு ஆகாது. அவர் நம் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவது சந்தேகத்தால் அல்ல என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

மறைநூல் என்ன சொல்கிறது?

"சாமி, முன்னால் வைப்பதை உண்ணுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு அப்படிச் சொன்னது, நற்செய்தி அறிவிக்கச் சென்ற சீடர்களுக்கு. நல்ல சாப்பாடு கிடைக்கும் வீட்டைத் தேடி வீடு வீடாக மாறாதீர்கள், எளியவர் தருவதை மனநிறைவோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். நோயாளி தன் உடலைக் கெடுத்துக்கொண்டு உண்ண வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை.

அதே லூக்கா நற்செய்தியில், யாயிரின் மகளை உயிர்ப்பித்ததும் ஆண்டவர் செய்த அடுத்த காரியம், அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னது. அந்தப் பிள்ளையின் உடலுக்கு அந்த நேரத்தில் என்ன தேவையோ அதை அவர் பார்த்தார். திருத்தூதர் பவுல், திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றை நினைவில் வைத்து, வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் சிறிது திராட்சை மதுவும் சேர்த்துக்கொள்ளுமாறு எழுதினார். திருச்சபையின் தொடக்க காலத்திலேயே ஓர் ஆயருக்கு உணவு விஷயத்தில் தனிக் கவனம் தேவைப்பட்டிருக்கிறது.

சீராக்கின் ஞான நூல் 37ஆம் அதிகாரத்தில், எல்லா உணவும் எல்லாருக்கும் நல்லதல்ல என்றும், தனக்கு எது ஆகாது என்று ஒவ்வொருவரும் சோதித்து அறிய வேண்டும் என்றும் ஞானி அறிவுறுத்துகிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகம் 14ஆம் அதிகாரத்தை ஒருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். அங்கே பவுல் பேசுவது நோயைப் பற்றி அல்ல, மனச்சான்றைப் பற்றி. ஆனாலும் அவர் தரும் நெறி நம் பந்திக்கும் பொருந்தும். உண்பவர் உண்ணாதவரை இழிவாக எண்ணக் கூடாது. உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடக் கூடாது. நம் உணவால் ஒரு சகோதரருக்குக் கேடு வந்தால் அங்கே அன்பு இல்லாமல் போகிறது.

திருச்சபையின் பந்தி

உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பந்தி நற்கருணைப் பந்தி. அங்கும் இந்தக் கேள்வி எழுந்தது. அப்பம் தூய கோதுமையால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கோதுமை ஆகாதவர் என்ன செய்வார்? விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 ஜூலை 24 அன்று, கர்தினால் ராட்சிங்கர் தலைவராக இருந்தபோது, இதற்கு விளக்கம் தந்தது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. மிகக் குறைந்த அளவு உள்ள அப்பம் செல்லும். அதுவும் ஆகாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். 2017இல் திருவழிபாட்டுப் பேராயம் இதை மீண்டும் நினைவூட்டியது. எந்த வடிவில் பெற்றாலும் முழு இயேசுவைத்தான் பெறுகிறோம் என்பது நம் விசுவாசம். நம் பங்கில் அப்படி யாராவது இருந்தால் திருப்பலிக்கு முன்பே சொல்லுங்கள். அவர்களுக்கென்று தனிக் கிண்ணம் வைக்க வேண்டும். அப்பத்தின் சிறு துண்டு சேர்ந்த கிண்ணம் அவர்களுக்கு உதவாது.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு உண்டு. தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்று திருச்சபைச் சட்டமே (எண் 919) சொல்கிறது. ஆனாலும் காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு திருப்பலிக்கு வந்து, மறையுரை நேரத்தில் வியர்த்துச் சாய்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அன்பு கூர்ந்து இனி அப்படிச் செய்யாதீர்கள்.

திருநீற்றுப் புதன், புனித வெள்ளி நோன்பும் அப்படித்தான். அது 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கு உரியது. அந்த வயதுக்குள் இருந்தாலும், உணவை விட்டால் உடல் கெடும் என்ற நிலையிலுள்ள நோயாளியை அது கட்டாயப்படுத்தாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வாழ்நாள் முழுவதும் பத்தியத்தைப் பொறுமையோடு கடைப்பிடிப்பதையே தவமாக ஒப்புக்கொடுங்கள். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்வார்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதையும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். இந்த வேளையில் பால்கோவாவைத் தேடி ஓட வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்கு அழையுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலில், விருந்தழைக்கும் வீட்டாருக்கு. விருந்தாளி வந்த பிறகு வற்புறுத்துவதைவிட, வருவதற்கு முன்பே "உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று கேட்டுவிடுங்கள். அவருக்கென்று தனியாக ஒரு மூலையில் கஞ்சி வைப்பது அவரை ஒதுக்குவது போலாகும். எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இரண்டு மூன்று பதார்த்தமாவது பந்தியில் இருக்கட்டும். பொரியல், கூட்டு, கீரை, சுண்டல், குழம்பு மீன் எல்லாம் நம் ஊர் உணவுதான். உப்பைக் கொஞ்சம் குறைத்துச் சமைத்து, வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும். அவர் "போதும்" என்று இலையை மறைத்தால் ஒருமுறையிலேயே நம்பிவிடுங்கள்.

அடுத்து, நோயாளியோடு வாழும் குடும்பத்தாருக்கு. வற்புறுத்துவது ஒரு தவறு என்றால், காவல் காப்பது இன்னொரு தவறு. பந்தியில் நாலு பேர் முன்னால், "சுகர் இருக்குல்ல, கையை எடுங்க" என்று கணவரையோ மாமியாரையோ அதட்டுகிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம். அவமானப்பட்டவரோ அடுத்த முறை ஒளித்துச் சாப்பிடுகிறார். அலமாரிக்குள் இனிப்புப் பொட்டலம் வைத்திருந்த பெரியவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்களைப் பொய் சொல்ல வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் எல்லாருமே அந்த உணவுக்கு மாறுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்பது நலமுள்ளவருக்கும் நல்ல சாப்பாடுதான். மில்லில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டில் இருந்தால், இன்சுலின் நேரமும் சாப்பாட்டு நேரமும் தவறாமல் சேர்ந்து வரும்படி டப்பா கட்டிக்கொடுங்கள்.

கடைசியாக, பத்தியம் இருக்கிற உங்களுக்கு. நோயை மறைக்காதீர்கள். "பசியில்லை", "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சாக்குச் சொல்வதால்தான் வீட்டார் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "எனக்கு இது ஆகாது, ஆனால் உங்களோடு உட்கார ஆசை" என்று சொல்லிப் பாருங்கள். விருந்துக்குப் போகாமல் ஒதுங்காதீர்கள். ஆட்களை விடச் சொல்லி எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை. முதலில் காய்கறியையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. என்றாவது தவறிவிட்டால் மனம் உடைந்து மருந்தையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த வேளையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பிறர் இனிப்புச் சாப்பிடும்போது அவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைக் கிளறி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. மாடு வளர்க்கிறவர், பால் கறக்கிறவர் எல்லாருடைய உழைப்பும் அதில் இருக்கிறது. பால்கோவாவின் மேல் நமக்குக் கோபம் இல்லை.

அந்த அக்கா தங்கை என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். தங்கை சொன்னதை, அவருடைய அனுமதியோடு, அக்காவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "எனக்கு இது தோணலையே சாமி" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு அவரே பஸ் ஏறி ராஜபாளையம் போயிருக்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக வெறுங்கையோடு தங்கை வீட்டு வாசலில் நின்று, "உனக்கு என்ன ஆகும்னு சொல்லு, அடுத்த வாரம் அதைச் செஞ்சு வைக்கிறேன்" என்று கேட்டாராம். இப்போது ஞாயிறு மதியம் அந்த வீட்டில் கீரையும் மீன் குழம்பும் கொஞ்சம் சோறும். தங்கை கை நனைக்கிறார். பால்கோவா பேரப்பிள்ளைகளுக்கு.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு யாராவது சாப்பிட வருவார்கள். இலை போடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நம்மைத் தம் பந்திக்கு அழைத்த ஆண்டவர், நம் வீட்டுப் பந்திகளையும், அதில் அமர முடியாமல் ஒதுங்கி நிற்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.